பசியென்று செடி சொன்னதா?

வீட்டுச் செடிகளைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு கருத்தரங்கு நடந்தால், அரங்கில் இருப்பவர்களின் கைக்கு ஒலிவாங்கி போனதும் வரும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "என் செடிக்கு என்ன உரம் போடலாம்?" உரம் போடத்தான் வேண்டுமா என்று கேட்பவர் குறைவு. எவ்வளவு போடலாம் என்று கேட்பவர் அதைவிடக் குறைவு. கடையில் விற்கிறார்கள், வாங்குகிறோம், ஊற்றுகிறோம். செடி வாடினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதுபோல் செடிக்கு உரம் போடுவதாக நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தோ பாயோவில் ஒரு நாலறை வீடு. வாசலை ஒட்டிய பொது நடைபாதையில் சுவரோரமாக ஐந்து தொட்டிகள். ஐந்திலும் அக்லோனிமா. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறிமுகமே தேவைப்படாத செடி அது. நீள இலை, அதில் பச்சையும் வெள்ளியும் கலந்த திட்டுகள், சில வகைகளில் சிவப்பும் இளஞ்சிவப்பும். அந்த ஐந்தையும் வளர்த்தவர் அந்த வீட்டு மாமியார். அவர் காலமான பிறகு செடிகள் மருமகளின் பொறுப்புக்கு வந்தன.

மருமகளுக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. அத்தை ஆசையாக வளர்த்த செடி தன் கையில் பட்டுப்போனது என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது. பக்கத்துக் கடையில் திரவ உரம் ஒரு புட்டி வாங்கினார். மணி மணியாக இருக்கும் உரம் ஒரு பொட்டலம். இலை பளபளக்கும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்ன எப்சம் உப்பு ஒரு பை. வாரந்தவறாமல் மூன்றையும் போட்டார். இரண்டு மாதத்தில் இலை நுனிகள் தீய்ந்ததுபோல் பழுப்பாயின. போதவில்லை போலிருக்கிறது என்று அளவைக் கூட்டினார். மூன்றாம் மாதம் ஒரு தொட்டி போனது. அடுத்த வாரமே இன்னொன்று.

அதே புளோக்கில் கீழ்மாடியில் ஒரு பெரியவர். தோட்டப் பராமரிப்பு வேலையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். மின்தூக்கிக்குக் காத்திருந்தவர் தொட்டிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னம்மா, அத்தை செடி இப்படி ஆயிருச்சு? தண்ணி ஊத்துறியா?"

"ஊத்துறேன் மாமா. உரமும் வாரா வாரம் போடுறேன். எவ்வளவு போட்டாலும் பத்த மாட்டேங்குது."

பெரியவர் குனிந்து, தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"இது பசியில வாடலம்மா. உப்பு தாங்காம வாடுது."

மருமகளுக்குப் புரியவில்லை. உரம் போட்டதற்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?

சோறு வேறு, உப்பு வேறு

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் மனிதர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். பெல்ஜியத்துப் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர் அதைச் சோதித்துப் பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டு ஆகிவிட்டது. மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ் மட்டுமே! அவர் இறந்த பின், 1648ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதிதான் சரி. மீதி காற்றிலிருந்து வந்தது என்பதும், அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதும் அடுத்த நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் வெளிச்சத்தின் பங்கை எடுத்துக்காட்டினார்.

ஒரு செடியை முழுவதுமாக உலர்த்தி நிறுத்தால், அந்த எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கரியும் உயிர்வளியும் நீர்வளியும்தான். எல்லாம் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. மிச்சமிருக்கும் நாலு விழுக்காடு அளவில்தான் தழைச்சத்து, சாம்பல்சத்து, மணிச்சத்து, மெக்னீசியம், இரும்பு எல்லாம் அடங்கும். உரப் பொட்டலம் தருவது அந்த நாலு விழுக்காட்டை மட்டும்தான்.

ஆகவே, செடியின் அடுப்பு இலை. அடுப்பின் நெருப்பு வெளிச்சம். சோற்றை அது தானே சமைத்துக்கொள்கிறது. உரம் என்பது அந்தச் சமையலுக்குப் போடும் உப்பு, புளி, மிளகாய். உப்பில்லாமல் சமைக்க முடியாது, உண்மைதான். ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் உப்பை அள்ளிக் கொட்டி என்ன பயன்?

வெளிச்சம் அதிகமானால் செடி வேகமாக வளரும், அப்போது உரமும் அதிகம் கேட்கும். வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி குறையும், உரத்தின் தேவையும் குறையும். உரத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது சன்னல். பொட்டலத்தில் அச்சடித்த வாசகம் அதற்கு அடுத்துத்தான். வீட்டுச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பத்து விஷயங்களில் ஒன்பது இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

மாங்காய் விடும் தண்ணீர்

ஊறுகாய் போடுபவர்களுக்கு விளக்கவே தேவையில்லாத ஒரு காட்சி. மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி மூடி வைக்கிறோம். மறுநாள் திறந்தால் பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை வெளியே இருந்த உப்பு இழுத்துவிட்டது. துண்டுகள் சுருங்கிப்போகின்றன.

தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கடையில் விற்கும் இரசாயன உரங்களில் பெரும்பாலானவை வேதியியல் கணக்கில் உப்புகள். சமையல் உப்பு இல்லை, ஆனால் உப்பு. வேர்க்குள் இருக்கும் நீரைவிட வெளியே மண்ணில் உள்ள நீர் உப்பேறிப்போனால், வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. நிலைமை முற்றினால் வேரிலிருந்தே தண்ணீர் வெளியேறும். மண் ஈரமாகத்தான் இருக்கும். செடி மட்டும் தாகத்தில் தவிக்கும். வேரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இலையின் நுனி. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும், உப்பு வந்து தேங்கும் இடமும் அதுதான். அதனால்தான் நுனி முதலில் கருகுகிறது.

இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது. உரம் மிகுந்து வாடும் செடியும், தண்ணீர் கிடைக்காமல் வாடும் செடியும், பசியில் இளைத்த செடியும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். அந்த மருமகள் செய்த தவறு எவருக்கும் நேரக்கூடியது. வாட்டத்தைப் பார்த்தார், பசி என்று நினைத்தார், மேலும் போட்டார். போடப்போட வாட்டம் கூடியது. கூடக்கூட மேலும் போட்டார். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை ஐந்தும் பிழைத்திருக்கும் என்று பின்னால் அவரே சொல்லி வருந்தினார்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ பொருக்கு படிந்திருந்தால், நுனிகள் மொறுமொறுவென்று கருகியிருந்தால், மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், உரம் மிகுந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். உண்மையான பசி மெதுவாக வரும். அடியிலுள்ள பழைய இலைகள் முழுவதுமாக வெளிறி மஞ்சளாகும், புதிய இலைகள் முன்பு வந்ததைவிடச் சிறுத்து வரும். செடி தன் பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை உருவி இளசுகளுக்குக் கொடுப்பதால் இப்படி. அடித்தண்டு கொழகொழத்து நாற்றம் வந்தால் அது உரத்தின் குறையே இல்லை, தண்ணீர் மிகுந்து வேர் அழுகுகிறது. தண்டு நீண்டு, இலைகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி வந்தால், செடி வெளிச்சத்தைத் தேடுகிறது. இடம் மாற்றினால் போதும். அடியில் எப்போதாவது ஓர் இலை மட்டும் மஞ்சளாகி விழுந்தால் கவலையே வேண்டாம். அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

காட்டில் யார் உரம் போட்டார்கள்?

அக்லோனிமா இந்த வட்டாரத்தின் செடி. மலாயாத் தீபகற்பம் உட்பட தென்கிழக்காசியக் காடுகளில் இயற்கையாக வளர்வது. வீட்டிலுள்ள பகட்டான சிவப்பு வகைகளுக்கும் மூதாதை இங்கேதான். சுமத்ராவில் வளரும் அக்லோனிமா ரொட்டண்டம் என்ற வகையின் இளஞ்சிவப்பு நரம்புகளைக் கலப்பின முறையில் கொண்டுவந்து, 1980களில் 'பிரைட் ஆஃப் சுமத்ரா' என்ற சிவப்புச் செடியை உருவாக்கியவர் இந்தோனேசியாவின் கிரெகோரி ஹம்பாலி. இன்று நாற்றங்கால்களில் காணும் எத்தனையோ சிவப்பு அக்லோனிமாக்களுக்கு அது வழிவிட்டது.

இந்தச் செடிகள் காட்டில் எங்கே நிற்கின்றன? உயர்ந்த மரங்களுக்கு அடியில். மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம், மேலே உச்சியில் படும் வெயிலில் ஓரிரண்டு விழுக்காடுதான். அந்த அரையிருட்டில் அவசரமில்லாமல் வளர்ந்து பழகிய இனம் இது. மேலிருந்து விழும் சருகு மக்கி, மழைநீரில் கரைந்து, துளித்துளியாக வேருக்குப் போய்ச் சேரும். அதுதான் அதன் உரம். அந்தச் செடியின் வேரில் ஒரு மூடி நிறைய அடர்த்தியான உரத்தை ஒரே நாளில் ஊற்றுவது, கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றுக்குக் கல்யாண விருந்தை ஒரே வேளையில் திணிப்பதற்குச் சமம்.

பொட்டலத்தில் மூன்று எண்கள்

எந்த உரப் பொட்டலத்திலும் மூன்று எண்கள் இருக்கும். 20-20-20 என்றோ 24-8-16 என்றோ போட்டிருப்பார்கள். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இலைக்கும் பச்சைக்கும் உரியது. இரண்டாவது மணிச்சத்தான பாஸ்பரஸ், வேருக்கும் பூவுக்கும் உதவுவது. மூன்றாவது சாம்பல்சத்தான பொட்டாசியம், நீரோட்டத்துக்கும் திடத்துக்கும். எண்கள் விழுக்காட்டைக் குறிக்கின்றன. 100 கிராம் 20-20-20 உரத்தில் தழைச்சத்து 20 கிராம். மற்ற இரண்டையும் ஆக்சைடு கணக்கில் எழுதுவது வழக்கம் என்பதால் உள்ளே இருக்கும் உண்மை அளவு அதைவிடக் குறைவு.

இலைக்காக வளர்க்கும் செடிக்கு முதல் எண் பெரிதாகவும் நடு எண் சிறியதாகவும் இருப்பது நல்லது. 24-8-16 அப்படிப்பட்டது. பூ பூக்க வைக்கும் உரம் என்று நடு எண் உயர்ந்த உரத்தை விற்பார்கள். அக்லோனிமாவுக்கும் மணி பிளாண்ட்டுக்கும் அதனால் பயனில்லை. சிவப்பு அக்லோனிமா பச்சையாகிறதே, அதற்கு எந்த உரம் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த உரமும் வேண்டாம். வெளிச்சம் குறைந்ததால் நிறம் மங்குகிறது. தொட்டியைச் சன்னலுக்கு அருகில், நேர் வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினால் போதும்.

எண்களைவிட முக்கியம் அதன்கீழ் எழுதியிருக்கும் செய்முறை. அதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. வசந்தத்திலும் கோடையிலும் போடுங்கள், குளிர்காலத்தில் நிறுத்துங்கள் என்று இருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கும் சிங்கப்பூரில் ஏது வசந்தம், ஏது குளிர்காலம்? ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே வேறுபாடு சில நிமிடங்கள்தான். நமக்குள்ள பருவம் மழை ஒன்றுதான். நவம்பர் கடைசியிலிருந்து சனவரி வரை வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தால், அந்த வாரங்களில் உரத்தைத் தள்ளிப்போடலாம்.

மணி மணியாக இருக்கும் மெதுஉரத்திலும் இதே கதை. பிசின் பூச்சுக்குள் உரத்தை அடைத்து, சிறிது சிறிதாகக் கசியும்படி செய்திருப்பார்கள். ஆறு மாதம் வரும் என்று பொட்டலம் சொல்லும். அந்தக் கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குப் போடப்பட்டது. வெப்பம் கூடினால் கசிவும் வேகமாகும். மத்தியான நேரத்தில் 31, 32 டிகிரியைத் தொடும் நடைபாதையில் ஆறு மாத உரம் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். குறைந்த காலத்தில் அதிக உரம் மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். ஆகவே பொட்டலம் சொல்வதில் பாதி போட்டால் போதும். தீர்ந்த பிறகும் கூடு மட்டும் அப்படியே கிடக்கும். விரலில் நசுக்கினால் வெறும் தண்ணீர் வரும், அல்லது காலியாக இருக்கும். பூச்சி முட்டையோ நத்தை முட்டையோ என்று அஞ்சி, கடையில் வாங்கிய செடியின் மண்ணை முழுவதும் கொட்டியவர்களும் இருக்கிறார்கள். அது நாற்றங்காலில் ஏற்கனவே போட்ட உரம். புதிதாக வாங்கிய செடிக்கு ஓரிரு மாதம் எதுவும் போடத் தேவையில்லாததற்கு அதுவே காரணம்.

2020ஆம் ஆண்டு கொவிட்-19 கிருமித்தொற்றால் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்த மாதங்களில் பலரும் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். மகிழ்ச்சியான விஷயம். கூடவே உரமும் ஊட்டமருந்தும் விதவிதமாக வீடுகளுக்குள் வந்தன. ஒரே தொட்டிக்கு நாலு வகை உரம் போடும் பழக்கமும் வந்தது. புட்டிகளில் பெயர்தான் வெவ்வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மூன்று சத்துகள்தான். நாலு புட்டியும் சேர்ந்தால் நாலு மடங்கு உப்பு.

அத்தை ஊற்றிய தண்ணீர்

"அத்தை இதெல்லாம் ஒண்ணும் போட மாட்டாங்க மாமா. அரிசி களைஞ்ச தண்ணிதான். எப்பவாச்சும் முட்டை ஓடு. அதுலயே நல்லா இருந்துச்சு."

பெரியவர் சிரித்தார். "அதுல சத்து ரொம்ப இல்லம்மா. அதனாலதான் நல்லா இருந்துச்சு."

அவர் சொன்னது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை. அரிசி களைந்த தண்ணீரில் மாவுச்சத்தும், மிகச் சிறிதளவு மற்ற சத்துகளும் கரைந்திருக்கும். மெல்ல வளரும் நிழல்செடிக்கு அந்தச் சிறிதளவும் ஓரளவு உதவும். வேரை எரிக்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் கெட்டியாக, தினமும் ஊற்றினால் மாவு மண்ணின்மேல் படிந்து புளித்து நாறும். சின்னஞ்சிறு கருப்பு ஈக்கள் மொய்க்கும். இரண்டாம் தண்ணீரை, உப்புச் சேராத தண்ணீரை, வாரம் ஒருமுறை ஊற்றலாம். முட்டை ஓடு கால்சியம்தான், ஆனால் கல்போல் கிடந்து மிக மெதுவாகக் கரையும். அதை நம்பி இருக்கவும் வேண்டாம், அதனால் கெடுதலும் இல்லை. தேயிலைச் சக்கை, கோப்பித்தூள் சக்கை இரண்டையும் மக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டினால் பூஞ்சை பூத்து எறும்பு வரும். கோழி எரு நல்ல உரம், மறுப்பதற்கில்லை. ஆனால் பொது நடைபாதையில் அதைப் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரின் மூக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இயற்கை உரம் என்பதால் எவ்வளவும் போடலாம் என்ற எண்ணமும் தவறு. மக்காத கோழி எரு வேரை எரித்துவிடும்.

அலசிவிடுவது எப்படி?

உரம் மிகுந்துவிட்ட செடிக்கு மருந்து தண்ணீர்தான். மண்ணின் மேலுள்ள வெள்ளைப் பொருக்கையும் மீந்திருக்கும் உர மணிகளையும் முதலில் ஒரு கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது நல்லது. நடைபாதையில் வைத்து ஊற்றினால் கீழ்மாடி வீட்டுத் துணியில் போய்ச் சொட்டும், செடியோடு சேர்ந்து அக்கம்பக்க உறவும் வாடிவிடும். தொட்டியின் கொள்ளளவு இரண்டு லிட்டர் என்றால் நாலிலிருந்து ஆறு லிட்டர் தண்ணீரை, அவசரப்படாமல், சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அடித்துளை வழியாக வழிந்து ஓட வேண்டும். முதலில் மஞ்சளாக வரும் தண்ணீர் போகப்போகத் தெளியும். அரைமணி நேரம் வடியவிட்டு, பிறகு பழைய இடத்தில் வைக்கலாம். அடியில் துளையே இல்லாத அழகுத் தொட்டியில் இதைச் செய்ய முடியாது. அப்படிப்பட்ட தொட்டியில் போட்ட உப்பு முழுவதும் உள்ளேயே தங்கும் என்பதால் துளையுள்ள தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

அதன்பின் இரண்டு மூன்று மாதம் உரத்தைத் தொடவே கூடாது. கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம், கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். செடி தேறியதா என்பதைப் புதிதாக வரும் இலைதான் சொல்லும்.

நல்ல நிலையில் உள்ள செடிக்கு எவ்வளவு? புத்தகம் வாசிக்க விளக்கு தேவைப்படாத அளவுக்குப் பகல் வெளிச்சமுள்ள நடைபாதை என்றால், பொட்டலம் சொல்லும் அளவில் கால்பங்கிலிருந்து பாதி வரை, நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வரவேற்பறையின் மூலையில் மங்கலில் நிற்கும் செடி என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மறந்துவிட்டாலும் பாதகமில்லை. காய்ந்த மண்ணில் உரத்தை ஊற்றவே கூடாது. முதல் நாள் தண்ணீர், மறுநாள் உரம். வாடிய செடிக்கும், அண்மையில் தொட்டி மாற்றிய செடிக்கும் உரம் வேண்டாம். உரம் போடாத வாரங்களில் எப்போதாவது ஒருமுறை, துளை வழியே வடியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் உப்பு தேங்காது.

வடியும் தண்ணீர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்போம். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம் கிட்டத்தட்டப் போதும். டெங்கி பரவும் வட்டாரத்தில் இது செடிப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. தட்டைத் தூக்கி நீரைக் கொட்டுங்கள், இறுகிப்போன மண்ணைக் கிளறிவிடுங்கள், பூச்சாடித் தண்ணீரை மாற்றுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏடிஸ் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். மண்ணின்மேல் உப்பும் பாசியும் படிந்து இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அங்கேயும் கொசுவுக்கு இடம் கிடைக்கும். புட்டியில் மணி பிளாண்ட் வைத்திருப்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுவது நல்லது. அதில் உரம் சேர்த்தால் பாசி பிடிக்கும், துளியளவுக்கு மேல் வேண்டாம். தொட்டிகளை அடுக்கும்போது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி இருக்க வேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தீ விபத்தில் ஓட வேண்டிய வழி அது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கலக்கி மீந்த உரத்தைப் பழச்சாற்றுப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நீல நிறத்திலும் பச்சை நிறத்திலும் இருக்கும் அந்தத் தண்ணீரைப் பிள்ளை என்னவென்று நினைக்கும்? அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கி, அன்றைக்கே தீர்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. செடியையும் கடிக்க விடக்கூடாது. அக்லோனிமாவும் மணி பிளாண்ட்டும் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கை அரிந்தால் கை அரிக்குமே, அதே ஊசிப் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. வாயில் பட்டால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும்.

அன்று மாலையே மருமகள் மிஞ்சிய மூன்று தொட்டிகளையும் குளியலறைக்குக் கொண்டுபோய் அலசினார். தொட்டிக்கு மூன்று வாளி. கணவர் குளிக்கக் காத்திருந்தார். எப்சம் உப்புப் பையைக் கட்டி மேல் அலமாரியில் போட்டார். அடுத்த பத்து வாரமும் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. கை துறுதுறுத்தது என்று அவரே சொன்னார்.

மின்தூக்கிக்கு அருகில் உள்ள தொட்டியில்தான் முதலில் தெரிந்தது. வெற்றிலையைச் சுருட்டி வைத்ததுபோல் ஓர் இளம் குருத்து, நுனி கருகாமல். பெரியவர் அந்தப் பக்கம் வந்தபோது அதைக் காட்டினார்.

"உரம் போட்டியாம்மா?"

"போன வாரம்தான் மாமா. கால் மூடி, ரெண்டு லிட்டர் தண்ணியில."

"தட்டு?"

"கொட்டிக் கழுவிட்டேன்."

காலியாகக் கிடந்த தொட்டிகளில் ஒன்றில் புது மண். அதில், பிழைத்த செடியிலிருந்து வெட்டி நட்ட ஒரு தண்டு. மேலே இரண்டே இலைகள். "இதுக்கு எப்ப உரம் மாமா?" என்று கேட்டார். "வேர் விடட்டும்மா, அவசரம் என்ன?" என்று சொல்லிவிட்டு, திறந்த மின்தூக்கிக்குள் நுழைந்தார் பெரியவர்.